குவார்ட்ஸ் குழாயில் வெள்ளைப் புள்ளி

அடுப்பு ஏற்றுகிற நாளில் குளிக்காமல் நான் என் மனைவியின் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஆசாரம் கீசாரம் ஒன்றும் கிடையாது. வெறும் பயம். சட்டையைக் கொல்லையிலேயே கழற்றித் தனி வாளியில் போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றி, நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேறுவேன். அவள் உள்ளேயிருந்து பார்த்துச் சிரிப்பாள். “என்ன சார், யார் வீட்டுத் துட்டி?” என்பாள். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன்தான் எங்கள் பக்கம் இப்படி வீட்டுக்குள் நுழையுமுன் தலை முழுகுவான். நானும் பதிலுக்கு முறைத்துவிட்டு இன்னொரு வாளி ஊற்றிக்கொள்வேன்.

அடுப்பு என்றதும், சங்கரன்கோவில்காரன் பிரியாணி அடுப்பைச் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைக்குப் பின்பக்கம் ஒரு பழைய ஸ்டோர் ரூம் இருக்கிறது. அதைக் குறுக்கே தடுத்து ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினார்கள். முன்னறையில் மின்சார அடுப்பு. அதன் வயிற்றுக்குள் குறுக்காக நுழைந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சிலிண்டரிலிருந்து ஆர்கான் வாயு உள்ளே போகும். மறுமுனையில் வெளியே வந்து, ஒரு பாட்டில் தண்ணீருக்குள் பொளக் பொளக்கென்று கொப்புளம் விட்டு, ஜன்னல் ஃபேன் வழியாகக் காற்றோடு போய்விடும்.

குழாய்க்குள் விரல் நீளத்தில் ஒரு பீங்கான் படகு. அதில் நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு தூள். கொஞ்சம் தள்ளி சிலிக்கான் துண்டு ஒன்று. அடுப்பு செக்கச்செவேல் என்று ஆனதும் தூள் ஆவியாகிப் போய் சிலிக்கானைத் தொடும். தொட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்து கம்பி கம்பியாக முளைக்கும். கோபால்ட் சிலிசைடு நானோ கம்பி. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழிக்க முடிந்தால், அதில் ஒரு கீற்று என்ன பருமன் இருக்குமோ அதுதான். வெறும் கண்ணுக்கு, சிலிக்கான் மேல் சாம்பல் படிந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், ஆட்டு ரோமத்தைக் கத்தரித்துக் குவித்த மாதிரி கிடக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தக் கம்பியில் ஒன்றே ஒன்றைப் பிடித்து, குளிரக் குளிர அதில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளப்பது என் மனைவியின் பிஎச்டி. நான் முடித்துவிட்டு அதே துறையில் பாடம் எடுக்கிறேன். லேபில் சேர்ந்த புதிதில் அவள் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் அது கிண்டலுக்கும் கோபத்துக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது.

முதல் பிள்ளை தங்கவில்லை. ஸ்கேனில் துடிப்பைப் பார்த்து, சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகு கலைந்துபோனது. அன்றிலிருந்து ஊருக்கே காரணம் தெரிந்துவிட்டது, எங்களைத் தவிர. பூ மார்க்கெட்டில் பூக்காரம்மாகூட, “என்னமோ கெமிக்கல்ல வேலையாம்லா” என்று அவள் காதுபடவே சொன்னாளாம். என் அம்மா சொல்லவே வேண்டாம். “அந்தச் சனியம்பிடிச்ச அடுப்புதான் எம் பேரப்பிள்ளையக் கொண்டுட்டுப் போச்சி” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதாள்.

நான் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். “அந்தத் தூளாலதானா டாக்டர்?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“அப்போ அதனால இல்லைன்னு வச்சிக்கிடலாமா?”

“அப்படியும் சொல்ல முடியாது” என்றார்.

இந்த இரண்டு சொல்ல முடியாதுக்கும் நடுவில்தான் நான் அதற்கப்புறம் குடியிருந்தேன். கோபால்ட் குளோரைடு டப்பாவில், கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அத்தனை வருஷம் கையில் எடுத்த டப்பாதான். அதற்கப்புறம் அதை எடுக்கும்போதெல்லாம் அந்த எழுத்தை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன்.

மறுபடி அவள் உண்டானபோது, எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னாலேயே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றே சட்டம் போட்டேன். கம்பி வளர்க்கிற வேலை முழுக்க என்னுடையது. அவள் படகு நிரப்பக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, அடுப்பு ஏறுகிற நாளில் லேபுக்கே வரக் கூடாது. ஏனென்றால் அளக்கிற கருவி இருப்பது உள்ளறையில். உள்ளறைக்குத் தனி வாசல் கிடையாது. போனாலும் வந்தாலும் அடுப்பை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்டோர் ரூமைத் தடுத்த புண்ணியவான்களுக்கு அறிவு அவ்வளவுதான்.

“சரிங்க சார்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு எதற்குமே பயம் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு தடவை சிலிக்கான் தகட்டை வைர முனையால் கீறி உடைக்கும்போது, ஒரு சில்லு தெறித்து அவள் மோதிர விரலின் நுனியைக் குறுக்கே அறுத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து நான்தான் மயங்கி விழப் பார்த்தேன். அவள் கர்ச்சீப்பை விரலில் சுற்றிக்கொண்டே, “மொதல்ல சில்லைப் பொறுக்குங்க சார், யாராவது மிதிச்சிரப் போறாங்க” என்றாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, ரேகையை வெட்டிக்கொண்டு ஒரு கோடு மாதிரி.

என் அம்மாவுக்கு அவள் விட்டுக்கொடுத்ததும் பயத்தால் என்று நான் நினைக்கவில்லை. அம்மா வாரா வாரம் கோமதி அம்மன் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து அவள் வயிற்றில் தடவுவாள். ஒரு சிட்டிகையை வாயிலும் போடுவாள். நான் தாம் தூமென்று குதிப்பேன். மண்ணில் என்னென்ன இருக்கிறதோ யார் கண்டது?

“ஏலே, ஊரு உலகமே திங்குது. நீ பொத்திக்கிட்டுப் போ” என்பாள் அம்மா. “ஒன் அடுப்புல இல்லாத வெஷமா எங்க அம்மன் மண்ணுல இருக்கு?”

இவள் சேலையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். “விடுங்க. வயித்துல தடவுனா வலிக்கவா செய்யுது? அத்தை மனசு குளுந்துட்டுப் போட்டும்.” மிச்ச மண்ணை அம்மா தாளில் மடித்து அவள் கைப்பையில் வைத்துவிடுவாள். அதையும் அவள் மறுத்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேபில் அது பெரிய நாள். அட்டெண்டர் அண்ணாச்சி முந்தின நாளே சந்தனம் குழைத்துத் தயாராகிவிடுவார். பம்ப், ஸ்டெபிலைசர், சிலிண்டர், தராசு, ஸ்விட்ச் போர்டு, விளக்குமாறு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். குவார்ட்ஸ் குழாய்க்கு மட்டும் கிடையாது. அது எங்கள் துறைத்தலைவி மேடம் போட்ட உத்தரவு. அதற்குக் காவல் நான். ஏன் என்றால், குவார்ட்ஸ் அப்படி ஒரு தொட்டாற்சிணுங்கி. வெறும் விரலால் தொட்டால் வியர்வையின் உப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். சந்தனம், விபூதி, மண் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சூட்டில், பட்ட இடம் மட்டும் கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகப் பூத்துவிடும். உடனே ஒன்றும் ஆகாது. அடுப்பு ஏறி இறங்க, ஏறி இறங்க, பூத்த இடம் பெரிதாகிக்கொண்டே வரும். ஒரு நாள் ஆறுகிற நேரத்தில் பட்டென்று விரிந்துவிடும். உள்ளே இருக்கிற ஆவி வெளியே வந்தால், ஈரக்காற்று பட்டதுமே அமிலப் புகை.

அதனால் அந்த வருஷம் நான் குழாயைச் செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டுக் கட்டிவிட்டேன். அண்ணாச்சிக்கு அது ரொம்ப வருத்தம். “ஊருக்கெல்லாம் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்கலேன்னா, அது என்ன நினைக்கும் சார்?” என்றார்.

“அது ஒண்ணும் நினைக்காது. நீங்க தொட்டீயன்னா நான்தான் நினைப்பேன்” என்றேன். என் மனைவி ஓரமாக நின்று பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தாள். மேடம் சூடம் காட்டி முடித்ததும் எல்லாரும் கேசரி சாப்பிட வகுப்பறைக்குப் போனோம். அவள் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொஞ்சம் பின்னால் வந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் குழாயில் பல தடவை அடுப்பு ஏற்றியாகிவிட்டது. நல்ல கம்பிகள் வந்தன. நானும் பயந்துகொண்டே, குளித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வாள்.

ஐப்பசியில் ஒரு நாள். காலையிலேயே படகை நிரப்பி உள்ளே தள்ளி அடுப்பை ஏற்றிவிட்டேன். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் திரவ நைட்ரஜன் வண்டி வந்து நின்றது. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்காகக் கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கு நைட்ரஜன் கொண்டுபோகிற வண்டி அது. கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் எங்களுக்கும் ஒரு கேன் ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்களாக வந்தால்தான் உண்டு. கம்பியைக் குளிர்விக்க அதுதான் வேண்டும், ஆனால் வைத்தால் தங்காது, பறந்துவிடும். என்னைக் கேட்காமல் அண்ணாச்சி என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். அவள் ஆட்டோ பிடித்து வந்து இறங்கிவிட்டாள்.

“ஏட்டி, அடுப்பு ஏறுதுல்லா! நீ எதுக்கு வந்த?”

“நைட்ரஜன் பறந்துருமே, நான் என்ன செய்ய? அடுத்து எப்ப வாரானோ, அதுக்குள்ள நான் ஆஸ்பத்திரில கெடப்பேன்.” துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு விறுவிறுவென்று அடுப்பைக் கடந்து உள்ளறைக்குள் போனாள். “கதவைச் சாத்திக்கிடுதேன். போதுமா?”

போதாது. கதவுக்கு அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தேன். ஜன்னல் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். பாட்டிலில் கொப்புளம் வருகிறதா என்று பார்த்தேன். பொளக், பொளக். அந்தச் சத்தம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெளியே புளியங்குடிப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்தது.

இடி என்றதும் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் இடி இடித்தால் முதல் வேலை மெயினை இறக்குவதுதான். லேபில் ஒரு தடவை இடிக்கு ஸ்டெபிலைசர் புகைந்ததிலிருந்து, அண்ணாச்சி வானம் உறுமினாலே போர்டுக்கு ஓடுவார். வராந்தாவுக்குத் தலையை நீட்டிக் கத்தினேன்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மெயினை மட்டும் தொட்ராதீய! ஃபேன் நின்னா நாங்க செத்தோம்!”

“தொடல சார், தொடல.”

திரும்பி உள்ளே வந்தேன். என்னமோ சரியில்லை. சற்று நேரம் எது என்று பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது, கொப்புளச் சத்தம் தளர்ந்துபோயிருந்தது. பொளக். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு பொளக். சிலிண்டரிலிருந்து வாயு போய்க்கொண்டுதான் இருந்தது. போகிற வாயு மறுமுனைக்கு வரவில்லை என்றால், நடுவில் எங்கேயோ கசிகிறது. அதே நேரத்தில் மூக்கில் ஊசி குத்திய மாதிரி புளிப்பாக ஒரு நெடி ஏறியது.

குனிந்து அடுப்பின் வாய்க்குள் பார்த்தேன். குழாய் உள்ளே தணல் நிறத்தில் ஜொலித்தது. வாய்க்குச் சற்று உள்ளே, கண்ணாடியின் மேல், காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி பூத்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் மயிரிழை மாதிரி கிளம்பி, குழாயைச் சுற்றி ஓடியிருந்தது. அந்த இழையிலிருந்து வெள்ளையாகப் புகை நூல் விட்டது. ஃபேன் அதை இழுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஃபேன் இருக்கிறவரைக்கும்.

முதலில் படகை இழுக்க வேண்டும். தூள் சூட்டிலிருந்து வெளியே வந்துவிட்டால் ஆவி வருவது நிற்கும். குழாய்க்குள் படகோடு ஒரு இரும்புத் துண்டு இருக்கும், வெளியிலிருந்து காந்தத்தால் நகர்த்த வேண்டும். காலையில் படகு நிரப்பிய அதே கையுறையை மாட்டிக்கொண்டு காந்தத்தை எடுத்தேன், அது குழாயில் இடித்தால் விரிசல் அப்படியே பிளந்துவிடும். அம்மா தாயே, கோமதி, இப்போது உடைத்துவிடாதே என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் சாமி கும்பிட்டு வெகு காலம் ஆயிற்று. படகு பாதி வந்து நழுவியது. மறுபடி பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது.

இனி அவள். அடுப்பைத் தாண்டித்தான் அவள் வெளியே வர வேண்டும். வரும்போது குழாய் விரிந்தால் முகத்தில் அடிக்கும். வராமல் உள்ளேயே இருந்து, கரண்ட் போய் ஃபேன் நின்றால், புகை அறையை நிறைத்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். அப்புறம் அவள் வெளியே வரவே முடியாது. கூப்பிடவா, வேண்டாமா? நான் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் தூண் மாதிரி நின்றேன். முதல் தடவை கலைந்த அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தது அப்படியே நெஞ்சுக்குள் வந்தது. அடுத்த இடி தலைக்கு மேலேயே விழுந்தது.

கதவை முழங்கையால் இடித்தேன். “வெளிய வா!”

“இருங்க. இப்பத்தான் கம்பி குளுந்திருக்கு.”

“கம்பி நாசமாப் போகட்டும்! குழா விரிஞ்சிருச்சி, வா!”

நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். “உள்ள வராதீய!” என்று அவர்மேல் பாய்ந்தேன். “சந்தனத்தை வச்சீயளா குழாய்ல? உண்மையச் சொல்லுங்க!”

“அய்யோ, நான் தொடல சார். சத்தியமா தொடல.” அவர் முகம் வெளுத்துப்போனது. நான் நம்பவில்லை.

கதவு திறந்தது. அவள் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்த நிதானம். “மூச்சை இழுக்காத. எதையும் பாக்காத. நேரா வாசலுக்குப் போ” என்றேன். நடந்தாள். ஒரு கை மூக்கில், ஒரு கை வயிற்றில். அடுப்புக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள்.

“போ!”

அவள் போகவில்லை. தலையைச் சாய்த்து அடுப்பின் வாய்க்குள் பார்த்தாள். அந்த வெள்ளைப் புள்ளியையே பார்த்தாள். வயிற்றின் மேலிருந்த கையில், கட்டைவிரல் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் கத்துகிறேன், கத்துகிறேன், அவள் காதில் விழவில்லை. பிடித்துத் தள்ளிவிடலாம் என்று கையை ஓங்கினால், கையுறை முழுக்க நீலத் தூள். அந்தக் கையை அவள் மேல் வைக்க முடியவில்லை. அரை அடி தூரத்தில் என் பெண்டாட்டியும் பிள்ளையும் நிற்கிறார்கள், தொட்டு நகர்த்த எனக்குக் கையில்லை. அழுகை வந்துவிட்டது. “தாயே, போயிரு” என்று கெஞ்சினேன்.

அந்தக் குரலுக்குத்தான் அவள் அசைந்தாள். வாசலைத் தாண்டி அவள் வராந்தாவில் கால் வைத்ததும் கரண்ட் போயிற்று.

“நான் தொடல சார்!” என்று இருட்டிலிருந்து அண்ணாச்சி கத்தினார். “ஈபிக்காரன்தான்!”

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. புகை கீழே இறங்க ஆரம்பித்தது. அடுப்பு ஸ்விட்சை அணைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பால் ஜன்னல் கதவை முழுக்கத் தள்ளினேன். மழைக்காற்று குபீரென்று உள்ளே வந்து குழாயின் மேல் அடித்தது. நான் வாசலுக்குப் பாயவும், பின்னால் ட்டிங் என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம்தான். பூஜை மணியை ஒரே ஒரு தடவை தட்டினால் வருமே, அது மாதிரி. திரும்பிப் பார்த்தபோது அறை முழுக்க வெள்ளை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நிற்காமல் நேரே முற்றத்தில் இறங்கி மழைக்குள் நின்றேன். கையுறையைப் பிய்த்து எறிந்தேன், சட்டையைக் கிழிக்காத குறையாகக் கழற்றினேன். இருமல் நிற்கவில்லை. அவள் படியிறங்கி என்னிடம் வந்தாள்.

“கிட்ட வராத! தூள் இருக்கு!”

அவள் கடைசிப் படியில் நின்றாள். மழைத்தண்ணீர் அவள் கால்வரை தெறித்தது. “அண்ணாச்சிய ஏசாதீங்க” என்றாள். “அது சந்தனம் இல்ல. புத்துமண்ணு. பூஜை அன்னைக்கி எல்லாரும் கேசரி திங்கப் போனப்ப, நான்தான் குழாய்ல சுத்துன தாளைப் பிரிச்சு வச்சேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீயா? ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். மறுநாளே வந்து ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டேன். போயிருச்சின்னு நினைச்சேன்.”

“எதுக்கு வச்ச? எதுக்கு?”

“பயந்துதான்.” அவள் சத்தம் மழையில் பாதிதான் கேட்டது. “வயித்துல உள்ளதுக்கு அத்தை மண்ணு தடவுதாவ. நீங்க அதுக்காகத் தலையோட முங்கிக் குளிக்கீய. தெனமும் அந்த வாய்க்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பாக்குறது யாரு? நான் செய்ய வேண்டிய வேலையையும் சேத்து நீங்கல்லா செய்யுதீய? அது வெடிச்சா உங்க மூஞ்சிலல்லா வெடிக்கும்? உங்களுக்கு யாரு தடவுதா?”

முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டேன். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?” என்றேன்.

“எப்பச் சொல்ல? நீங்க பயந்து முடிச்சாத்தான நான் ஆரம்பிக்க முடியும்?”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். கல்யாணம் ஆனதிலிருந்து, பிள்ளை போன அன்றுகூட, நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் நான்தான் முந்திக்கொண்டு அழுதிருந்தேன். அண்ணாச்சி ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். “புள்ளத்தாச்சி நனையக் கூடாதும்மா” என்றார். நான் நன்றாக நனைந்து தூள் எல்லாம் போயிருக்கும் என்று தோன்றுகிறவரை அவள் அந்தப் படியிலேயே நின்றாள். அப்புறம் கையை நீட்டினாள். பிடித்தேன். ஜில்லென்று இருந்தது, பிடித்த பிடியை அவள் விடவில்லை.

மறுநாள் உடைந்த குழாயைப் பொறுக்கினேன். வெள்ளைப் புள்ளி இருந்த துண்டு தனியாகக் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது ஒரு விரல் நுனி. ரேகைகூட மங்கலாகத் தெரிந்தது. ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு. அண்ணாச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், சாமி காரியம்” என்றார்.

டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் புகையால் ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானும் அவளும் ஒரே நேரத்தில், “சொல்ல முடியாது” என்றோம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ரொம்பப் பயமா இருக்கு” என்றாள். நான் “எனக்கும்” என்று ஆரம்பிக்கப் போய், வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குத் தெரிந்தது, என் பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. எனக்கு ஒரு பயம்தான். அவளுக்கு, பிள்ளை வந்து நான் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதுவரை இருந்தது. வீடு வருகிறவரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

புதுக் குழாய் வந்தது. மேடம் அடுப்பை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார், இரண்டு வாசல் உள்ள அறைக்கு. ஒரு அடுப்பு நாளில், படகு நிரப்பிக் கைகழுவப் போகும்போது போன் வந்தது. வலி எடுத்து அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அடுப்பை அணைத்துவிட்டுப் போட்ட சட்டையோடு பைக்கை எடுத்தேன். எப்படிப் போனேன், எந்த வழியில் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை. அதன் அழுகை வராந்தாவரை கேட்டது.

கட்டிலில் அவள் கிழிந்த நாராகக் கிடந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

“குளிச்சீயளா?” என்றாள் அவள்.

சார் சேர்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தலையைத் தூக்க முடியாமல் தூக்கி என் கையையே பார்த்தாள்.

கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். குழாயடி எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டேன்.